கண்ணுக்குத் தெரியாத சாம்பலும் 74,000 ஆண்டுக் கணக்கும்

ஒன்பதாம் வகுப்பில் எரிமலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாடத்தோடு சேர்த்து ஒரு கதை சொல்வது என் வழக்கம். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் டோபா என்ற எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்தது, சாம்பல் வானத்தை மறைத்தது, உலகம் குளிர்ந்தது, மனித இனமே ஏறக்குறைய அழிந்து, சில ஆயிரம் பேர் மட்டும் பிழைத்தார்கள். பல ஆண்டுகளாக நான் சொல்லி வந்த கதை இது. மாணவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள்.

அன்று ஒரு மாணவி எழுந்தாள். "சார், எழுபத்து நாலாயிரம் வருஷம்னு எப்படி சார் தெரியும்? அப்ப யாரும் எழுதி வைக்கலையே? அதே நேரத்துலதான் மனுஷங்க செத்தாங்கன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

முதல் கேள்விக்கு "பாறையை ஆராய்ந்து கண்டுபிடிப்பார்கள்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன். அதற்காகத் தேடிப் படித்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, நுண்ணோக்கி இல்லாமல் பார்க்கவே முடியாத எரிமலைச் சாம்பலைக் கொண்டு மண்ணின் வயதைச் சொல்லும் அருமையான ஒரு முறை இருக்கிறது. இரண்டு, நான் இத்தனை ஆண்டுகள் உறுதியான உண்மைபோலச் சொல்லி வந்த கதையை அந்த முறையே கேள்விக்கு உள்ளாக்கிவிட்டது. இரண்டையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

மண் அடுக்கில் வரிசை உண்டு, தேதி இல்லை

ஏரியின் அடியிலும் குகையின் தரையிலும் கடலின் ஆழத்திலும் மண் சிறிது சிறிதாகப் படிந்துகொண்டே இருக்கிறது. கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. தலைமாட்டில் சேரும் செய்தித்தாள் கட்டைப் போன்றதுதான் இது. ஆனால் செய்தித்தாளில் தேதி அச்சாகியிருக்கும். மண் அடுக்கில் இருக்காது. எது முன், எது பின் என்று தெரியுமே தவிர எத்தனை ஆண்டு என்று தெரியாது.

கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் வயதைக் கார்பன்-14 முறையில் கணித்தார்கள் என்பது நம் மாணவர்களுக்குத் தெரியும். 2,600 ஆண்டு வயதுள்ள கரிக்கு அந்த முறை மிகப் பொருத்தம். ஆனால் கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். 74,000 ஆண்டுகளில் அது ஏறக்குறைய 13 முறை பாதியாகிவிடும். 2ஐ 13 முறை பெருக்கினால் 8,192. அதாவது முதலில் இருந்ததில் எட்டாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிற்காலக் கரி ஒரு துளி கலந்தாலும் கணக்கு தவறிப் போகும். எனவே சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் இந்த முறை கைகொடுப்பதில்லை.

மணல் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணிக்கும் ஒளிர்வு முறை இன்னும் பின்னால் போகும். ஆனால் அதில் பிழை வரம்பு அதிகம். 70,000 ஆண்டுக்குச் சில ஆயிரம் ஆண்டுகள் கூடவோ குறையவோ இருக்கலாம். ஓர் எரிமலை வெடிப்புக்கு முன்பு நடந்தது எது, பின்பு நடந்தது எது என்று பிரிக்க வேண்டிய இடத்தில் சில ஆயிரம் ஆண்டுப் பிழை என்பது பெரிய தடை.

எல்லா ஊருக்கும் ஒரே தேதி முத்திரை

இந்தத் தடையைத் தாண்ட எரிமலையே உதவுகிறது. பெரிய வெடிப்பு ஒன்றில் எழும் சாம்பல் காற்றில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரவிச் சில நாள்களிலோ வாரங்களிலோ தரையில் விழுந்துவிடும். 74,000 ஆண்டுக் கணக்கில் சில வாரம் என்பது ஒரு நொடிக்குச் சமம். ஆகவே, இந்தியாவில் ஓர் ஆற்றங்கரையிலும் ஆப்பிரிக்காவில் ஒரு குகையிலும் ஒரே வெடிப்பின் சாம்பல் கிடைத்தால் அந்த இரண்டு மண் அடுக்குகளும் ஒரே காலத்தவை என்று சொல்லிவிடலாம். அஞ்சல் அலுவலகத்தில் ஒரே நாளில் பல கடிதங்கள்மீது குத்திய முத்திரையைப் போன்றது அது.

எரிமலை வீசி எறியும் சாம்பல், நுரைக்கல் போன்ற துகள்களுக்கு டெஃப்ரா என்று பெயர். கிரேக்க மொழியில் சாம்பல் என்று பொருள். ஐஸ்லாந்து நாட்டு நிலவியலாளர் சிகுர்துர் தோரரின்சன் 1944இல் இந்தச் சொல்லை அறிவியல் வழக்குக்குக் கொண்டுவந்தார். தம் நாட்டு மண்ணில் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரியும் சாம்பல் அடுக்குகளைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் துறைக்கு அடித்தளம் இட்டவர் அவர்.

ஒரு சொல் விளக்கம் இங்கே தேவை. எரிமலைச் சாம்பல் நம் வீட்டு அடுப்புச் சாம்பல் அன்று; அது எதுவும் எரிந்து உண்டானதில்லை. உருகிய பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயுக்கள், சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதுபோல் குமிழிகளாகப் பொங்கும். குழம்பு சிதறி நொடியில் குளிர்ந்து கண்ணாடியாக உறையும். குமிழிகளின் சுவர்கள் உடைந்து தூளாகும். ஆக எரிமலைச் சாம்பலில் பெரும்பகுதி நுண்ணிய கண்ணாடிச் சில்லுகள்தாம். மாணவர்களுக்கு இதை முதலில் தெளிவாக்கிவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

அண்டை மாநிலத்தில் கிடக்கும் டோபா சாம்பல்

டோபா வெடிப்பு கடந்த 20 லட்சம் ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய வெடிப்புகளுள் ஒன்று. வெளிவந்த பாறைக்குழம்பு ஏறத்தாழ 2,800 கன கிலோமீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். வெடித்த இடம் இடிந்து உள்வாங்கி, இன்று சுமார் 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் உள்ள டோபா ஏரியாக இருக்கிறது.

அந்தச் சாம்பல் வங்காள விரிகுடாவைக் கடந்து இந்தியாவின் மீது விழுந்தது. ஆந்திர மாநிலம் கர்னூல் பகுதியில், ஜுர்ரேறு ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ஜ்வாலாபுரம் என்ற ஊரில் அது 2 மீட்டருக்கும் அதிகமான தடிமனில் வெண்மையாகப் படிந்திருக்கிறது. டோபாவிலிருந்து அந்த ஊர் சுமார் 2,600 கிலோமீட்டர் தொலைவு. சாம்பலை வெட்டியெடுத்துத் துலக்கும் தூள் தயாரிக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கண்ணாடித் தூள் என்பதால் பாத்திரக் கறையை நன்றாகச் சுரண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2 மீட்டர் சாம்பலும் வானத்திலிருந்து அப்படியே விழுந்ததன்று. நேரடியாக விழுந்தது அடியில் உள்ள சில சென்டிமீட்டர் மட்டுமே. சுற்றியுள்ள மேடுகளில் விழுந்ததை மழைநீர் அடித்து வந்து பள்ளத்தில் சேர்த்தது. ஆகவே தேதி முத்திரை என்பது சாம்பல் அடுக்கின் அடிமட்டம், மேற்பகுதி அன்று. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

மைக்கேல் பெட்ராக்லியா, தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கோரிசெட்டர் ஆகியோரின் குழு ஜ்வாலாபுரத்தில் அகழாய்வு செய்து 2007இல் முடிவுகளை வெளியிட்டது. சாம்பலுக்குக் கீழேயும் கற்கருவிகள் இருந்தன, மேலேயும் இருந்தன. இரண்டும் ஒரே பாணியில் இருந்தன. டோபாவுக்குப் பிறகும் அங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கான வலுவான சான்று இது.

அப்படியானால் மனித இனம் அழிவின் விளிம்புக்குப் போன கதை? 1998இல் ஸ்டான்லி ஆம்ப்ரோஸ் என்ற மானிடவியலாளர் அந்தக் கருதுகோளை முன்வைத்தார். இன்றைய மனிதர்களிடையே மரபணு வேறுபாடு குறைவாக இருப்பதற்கு டோபா உண்டாக்கிய நீண்ட குளிர்காலம் காரணமாக இருக்கலாம் என்றார். அதைச் சோதிக்க வேண்டிய முக்கிய இடம் ஆப்பிரிக்கா. ஆனால் ஆப்பிரிக்காவில் டோபா சாம்பல் கண்ணுக்குத் தெரியும்படி எங்கும் அடுக்காக இல்லை. இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் வருகிறது.

ஒளிந்திருக்கும் சாம்பல்

எரிமலையிலிருந்து தூரம் செல்லச் செல்லச் சாம்பல் மெலியும். ஒரு கட்டத்தில் அடுக்கே இருக்காது. மண்ணோடு மண்ணாகச் சில சில்லுகள் மட்டும் கலந்திருக்கும். அவற்றின் அளவு பெரும்பாலும் 100 மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். எனவே அகழாய்வுக் குழிக்குள் நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இப்படி ஒளிந்திருக்கும் சாம்பலுக்குக் கிரிப்டோடெஃப்ரா என்று பெயர். கிரிப்டோ என்றால் கிரேக்கத்தில் மறைந்திருப்பது.

1960களில் கிறிஸ்டர் பெர்சன் ஸ்வீடன், நார்வே நாட்டுச் சதுப்பு நிலங்களில் ஐஸ்லாந்துச் சாம்பலைத் தேடிக் கண்டுபிடித்தார். 1989இல் ஆண்ட்ரூ டக்மோர் ஸ்காட்லாந்தின் கரிச் சதுப்பில் அதேபோன்ற சில்லுகளைக் கண்டார். எரிமலையே இல்லாத நாட்டிலும் எரிமலை நாள்காட்டி கிடைக்கும் என்று அப்போது புரிந்தது.

மணலிலிருந்து சில்லைப் பிரிப்பது எப்படி?

வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலைதான். ஆனால் அதில் பயன்படும் ஒவ்வொரு படியும் நம் பாடநூலில் உள்ள அறிவியலே.

முதலில் மண் அடுக்கிலிருந்து மேலிருந்து கீழாக, இடைவெளி விடாமல், மாதிரிகள் எடுப்பார்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாததால் எதையும் தவிர்க்க முடியாது. மாதிரியை உலையில் சூடாக்கினால் தாவரப் பொருள்கள் எரிந்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் சுண்ணாம்பு கரைந்துவிடும். பிறகு மெல்லிய சல்லடைகளில் சலித்து, 25 மைக்ரானுக்கும் 80 மைக்ரானுக்கும் இடைப்பட்ட துகள்களைத் தனியே எடுப்பார்கள். ஆய்வுக்கு ஏற்ப இந்த அளவுகள் சற்று மாறும்.

அடுத்தது அடர்த்தி. முட்டை நல்ல தண்ணீரில் மூழ்கும். உப்பைக் கரைக்கக் கரைக்க மேலே வரும். இதே உத்திதான். ஆனால் சமையல் உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2ஐத் தாண்டாது. எனவே சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற வேதிப்பொருளைக் கரைத்து அடர்த்தி மிகுந்த திரவம் செய்கிறார்கள். முதலில் அடர்த்தி சுமார் 1.95 உள்ள திரவம். எஞ்சிய தாவரத் துணுக்குகளும் நுண்பாசி ஓடுகளும் மிதந்து நீங்கும். பிறகு 2.55 உள்ள திரவம். குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65 என்பதால் அது மூழ்கும். சிலிக்கா மிகுந்த எரிமலைக் கண்ணாடி அதைவிட லேசானது என்பதால் மிதக்கும். அந்த மிதப்பதைத்தான் எடுத்து நுண்ணோக்கியில் வைப்பார்கள்.

நுண்ணோக்கியில் சில்லுகள் உடைந்த குண்டு பல்பின் துண்டுகளைப்போல வளைந்தும், நீண்ட குமிழிகளோடும் தெரியும். முனைவாக்கிய ஒளியில் இன்னொரு சோதனையும் உண்டு. ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு முனைவாக்கித் தகடுகளுக்கிடையே பார்த்தால் படிகமான குவார்ட்ஸ் மினுங்கும்; படிக அமைப்பு இல்லாத கண்ணாடி கறுத்துவிடும். இப்படி ஒவ்வொரு மாதிரியிலும் சில்லுகளை எண்ணி, ஆழத்துக்கு எதிராக வரைபடம் வரைவார்கள்.

வரைபடத்தில் பெரும்பாலும் கீழே பூஜ்ஜியம், பிறகு திடீரென ஏற்றம், அதன் மேலே படிப்படியாக இறக்கம் என்று இருக்கும். திடீர் ஏற்றம் தொடங்கும் இடமே சாம்பல் விழுந்த நேரம். மேலே உள்ள இறக்கம், காற்றும் நீரும் பின்னால் கொண்டுவந்து சேர்த்தது. ஜ்வாலாபுரத்தில் கண்ணால் பார்த்ததையே இங்கே எண்ணிக்கையால் பார்க்கிறோம்.

யாருடைய சாம்பல்? எத்தனை வயது?

சில்லு கிடைத்தால் போதாது. எந்த எரிமலையின் எந்த வெடிப்பு என்று தெரிய வேண்டும். மின்னணுக் கற்றையை ஒரு சில்லின்மேல் பாய்ச்சி, வெளிவரும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு சிலிக்கன், அலுமினியம், பொட்டாசியம், சோடியம், இரும்பு முதலியவற்றின் அளவைக் கணிப்பார்கள். கைரேகை பார்ப்பதுபோல் இது. டோபாவின் கடைசிப் பெருவெடிப்புச் சில்லில் சிலிக்கா 77 சதவீதம் அளவிலும் பொட்டாசியம் ஆக்சைடு 5 சதவீதம் அளவிலும் இருக்கும். மிகச் சிறு அளவில் உள்ள அரிய தனிமங்களையும் ஒப்பிட்டால் உறுதி கூடும்.

வயது சில்லிலிருந்து நேராக வருவதன்று. எரிமலைக்கு அருகில், பெரிய படிகங்கள் கிடைக்கும் இடத்தில் கணிக்கப்படுகிறது. பாறைக்குழம்பில் உருவாகும் சில படிகங்களில் பொட்டாசியம் உண்டு. அதில் சிறு பகுதியான பொட்டாசியம்-40 மெல்லச் சிதைந்து ஆர்கான்-40 வாயுவாக மாறும். அரை ஆயுட்காலம் சுமார் 125 கோடி ஆண்டுகள். குழம்பு சூடாக இருக்கும்வரை ஆர்கான் தப்பிவிடும். வெடித்துக் குளிர்ந்தபின் படிகத்துக்குள் சிறைப்படும். எனவே கடிகாரம் வெடிப்பு நாளில் தொடங்குகிறது. இம்முறையில் 2012இல் வெளியான கணிப்பு 73,880 ஆண்டுகள்; பிழை வரம்பு 320 ஆண்டுகள். இன்னோர் ஆய்வு 75,000ஐ ஒட்டிய வயதைத் தந்தது. "சுமார் 74,000" என்று நாம் சொல்வதன் பின்னணி இதுதான்.

ஓரிடத்தில் கணித்த வயதை, அதே சாம்பல் கிடைக்கும் எல்லா இடத்துக்கும் எடுத்துச் செல்லலாம் என்பதே இந்த முறையின் சிறப்பு. மாணவியின் முதல் கேள்விக்கு இதுவே விடை.

ஆப்பிரிக்கா சொன்ன பதில்

2013இல் கிறிஸ்டின் லேன் குழுவினர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், அடிமண்ணைக் குழாய்போலத் துளைத்தெடுத்த மாதிரிகளில் டோபா சில்லுகளைக் கண்டறிந்தார்கள். டோபாவிலிருந்து சுமார் 7,000 கிலோமீட்டர். சில்லுகள் இருந்த மட்டத்துக்கு மேலும் கீழும் ஏரி மண்ணை ஆராய்ந்ததில் பெருங்குளிர் வந்ததற்கான அடையாளம் இல்லை.

2018இல் இன்னும் தெற்கே, தென்னாப்பிரிக்காவின் கடற்கரையில் உள்ள பின்னக்கிள் பாயிண்ட் என்ற இடத்திலிருந்து செய்தி வந்தது. கடலோரப் பாறைக்குகைகளில் ஆதிமனிதர்கள் சிப்பி, நத்தைகளை உண்டு வாழ்ந்த இடம் அது. கர்டிஸ் மாரியன் தலைமையில் அங்கே கிடைக்கும் ஒவ்வொரு கல்லின் இருப்பிடத்தையும் நில அளவைக் கருவியால் துல்லியமாகப் பதிவு செய்து வந்தார்கள். யூஜின் ஸ்மித் முதலானோர் அந்த மணலிலிருந்து டோபா சில்லுகளைப் பிரித்தெடுத்தார்கள். டோபாவிலிருந்து சுமார் 9,000 கிலோமீட்டர். ஒரு கிராம் மணலில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கும் குறைவான சில்லுகளே இருந்தன. ஆனால் அவற்றின் வேதிக் கைரேகை டோபாவோடு பொருந்தியது. அந்த இடத்தின் மணலுக்கு ஏற்கெனவே ஒளிர்வு முறையில் கணித்திருந்த வயதும் ஒத்துப்போனது.

சில்லு இருந்த மட்டத்துக்குக் கீழே மனிதர்கள் வாழ்ந்த தடயம் இருந்தது. அதே மட்டத்தில் இருந்தது. மேலே இன்னும் அதிகமாகவே இருந்தது. அதாவது அந்தக் கடற்கரை மக்கள் டோபாவைத் தாண்டியும் வாழ்ந்தார்கள், பெருகவும் செய்தார்கள். அதே இடத்தில் சுமார் 71,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில், நெருப்பில் பக்குவப்படுத்திய கல்லிலிருந்து செய்த சிறு அலகுகளும் கிடைத்திருக்கின்றன. கடல் உணவு எப்போதும் கிடைத்தது அவர்களைக் காத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

2024இல் எத்தியோப்பியாவின் வடமேற்கில் ஷின்ஃபா ஆற்றங்கரையிலும் டோபா சில்லுகள் கிடைத்ததாக ஜான் கப்பல்மேன் குழு அறிவித்தது. அங்கே வறட்சி கூடியபோது, சுருங்கிய ஆற்றுக் குட்டைகளில் மீன் பிடித்து மக்கள் சமாளித்திருக்கிறார்கள். சாம்பல் மட்டத்துக்கு மேலே மீன் எலும்புகளின் பங்கு கூடியிருந்தது.

டோபா யாரையும் பாதிக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. சுமத்ராவை ஒட்டிய நிலங்கள் நிச்சயம் பேரழிவைக் கண்டிருக்கும். ஆனால் மனித இனம் முழுவதையும் அது அழிவின் விளிம்புக்குத் தள்ளியது என்ற கருத்து, சோதித்த இடங்களில் நிற்கவில்லை. மாணவியின் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் இதுதான்: "நான் உறுதியாகச் சொன்னது தவறு. அது ஒரு கருதுகோள். சோதித்துப் பார்த்தார்கள், சான்றுகள் வேறு மாதிரி சொல்கின்றன."

120 ஆண்டு இடைவெளியும் தெரியும்

இந்த முறை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்பு ஐஸ்லாந்தின் கட்லா எரிமலை வெடித்த சாம்பலுக்கு, நார்வேயில் அது முதலில் அறியப்பட்ட இடத்தின் பெயரால் வெட்டே சாம்பல் என்று பெயர். கிரீன்லாந்தின் பனிப்பாளத்திலும் அது கிடைக்கிறது. அது கடுங்குளிர் நிலவிய காலம். நார்வேயின் ஓர் ஏரியிலும் ஜெர்மனியின் மெர்ஃபெல்டர் மார் ஏரியிலும் இதே சாம்பலைக் கண்டுபிடித்து இரண்டு ஏரிகளின் அடுக்குகளையும் இணைத்துப் பார்த்தார்கள். குளிர் தணியத் தொடங்கியது ஜெர்மனியில் முன்பும், நார்வேயில் சுமார் 120 ஆண்டுகள் பின்பும் என்று தெரிந்தது. சாம்பல் இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் நடந்ததாகவே எழுதியிருப்பார்கள்.

எங்கே தவறு வரலாம்?

ஒரே எரிமலை பலமுறை வெடிக்கும். கைரேகைகள் ஒன்றுபோல் இருக்கலாம். டோபா சுமார் 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும் பெரிதாக வெடித்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் குக்டி ஆற்றங்கரையில் உள்ள போரியில், கைக்கோடரிகளோடு எரிமலைச் சாம்பல் கிடைத்தது. அது கடைசி வெடிப்பின் சாம்பலா, பழைய வெடிப்பின் சாம்பலா என்று நீண்ட காலம் விவாதம் நடந்தது. முதலாவது என்றால் 74,000 ஆண்டு. இரண்டாவது என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு. ஒரு சாம்பலை அடையாளம் காண்பதில் பிழை நேர்ந்தால் வரலாறு எவ்வளவு தூரம் நகரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எறும்பும் மண்புழுவும் வேரும் துகள்களை மேலும் கீழும் நகர்த்தலாம். ஆற்று நீர் பழைய சாம்பலை அரித்துப் புதிய மண்ணோடு சேர்க்கலாம். ஆய்வகத்தில் வேறொரு மாதிரியின் சில்லு ஒட்டிக்கொள்ளலாம். அதனால்தான் ஒரே சில்லை வைத்து முடிவு கட்டுவதில்லை. வேறொரு முறையில் கணித்த வயதும் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள்.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

எங்கள் வகுப்பில் செய்த செயல்பாடு இது. இரண்டு பாட வேளைகள் போதும்.

தேவையானவை: மேற்பகுதி வெட்டிய 3 பிளாஸ்டிக் பாட்டில்கள், ஆற்று மணல், செம்மண், தோட்டத்து மண், கைவினைக்குப் பயன்படும் ஜிகினாத் தூள் இரண்டு நிறங்களில், கறுப்பு சார்ட் தாள், கைவிளக்கு, உருப்பெருக்கி, கரண்டி.

1. ஒவ்வொரு பாட்டிலின் வெளியே 1 சென்டிமீட்டர் இடைவெளியில் கோடு போடுங்கள். 10 அடுக்குகளாக மண் நிரப்புங்கள். மூன்றிலும் மண் வரிசை வேறு வேறாக இருக்கட்டும்.

2. பொன்னிற ஜிகினா ஓர் எரிமலை. முதல் பாட்டிலில் அதைத் தடித்த அடுக்காகவும், இரண்டாவதில் மெல்லிய கோடாகவும், மூன்றாவதில் 20 துணுக்குகளை மட்டும் ஓர் அடுக்கு மணலோடு கலந்தும் வையுங்கள். மூன்றிலும் ஆழம் வேறாக இருக்க வேண்டும். சிவப்பு ஜிகினா இன்னோர் எரிமலை. அதை மூன்றாவது பாட்டிலில் மட்டும் வேறோர் ஆழத்தில் கலந்துவிடுங்கள். இவற்றை மாணவர்கள் பார்க்காமல் செய்வது நல்லது.

3. குழுவுக்கு ஒரு பாட்டில். மேலிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டராக எடுத்துக் கறுப்புத் தாளில் பரப்பிக் கைவிளக்கு அடித்து எண்ணட்டும். ஆழத்தையும் எண்ணிக்கையையும் பட்டை வரைபடமாக வரையட்டும்.

4. பொன்னிற ஜிகினா உச்சம் காட்டும் ஆழத்தை மூன்று குழுக்களும் கரும்பலகையில் எழுதட்டும். பிறகு கேளுங்கள்: இந்த மூன்று மட்டமும் ஒரே நாள் என்றால், எந்த இடத்தில் மண் வேகமாகச் சேர்ந்திருக்கிறது? சிவப்பையும் பொன்னிறத்தையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும்? கரண்டி எடுக்கும்போது சரிந்த துணுக்குகள் வரைபடத்தை எப்படி மாற்றின?

எங்கள் மூன்றாம் குழு தங்கள் பாட்டிலில் "ஒண்ணுமே இல்ல சார்" என்றுதான் தொடங்கியது. ஏழாவது கரண்டியில் முதல் துணுக்கு மின்னியபோது வகுப்பே கூடிவிட்டது. செயல்பாடு முடிந்ததும் ஜிகினாவைச் சலித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் கொட்ட வேண்டாம்.

கணக்குப் பாடத்துக்கும் இடமுண்டு. ஓர் ஏரி மண்ணில் வயது தெரிந்த இரண்டு சாம்பல் மட்டங்களுக்கு இடையே 40 சென்டிமீட்டர். வயது வேறுபாடு 2,000 ஆண்டுகள். 1 சென்டிமீட்டர் சேர எத்தனை ஆண்டு? விடை 50. உடனே அடுத்த கேள்வி: மண் எப்போதும் ஒரே வேகத்தில் சேர்ந்தது என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? விடையைவிட இந்தக் கேள்வியே முக்கியம்.

ஏழாம் வகுப்பின் புவியின் உள்ளமைப்பு, ஒன்பதாம் வகுப்பின் பாய்மங்கள், வரலாற்றுக்கு முந்தைய காலம், பத்தாம் வகுப்பின் அணுக்கரு இயற்பியல் ஆகிய பாடங்களோடு இதை இணைக்கலாம். தொடக்கப் பள்ளியில் கார்பனும் ஆர்கானும் வேண்டாம். மண் அடுக்கில் கீழே இருப்பது பழையது, ஒரே நிறத் துணுக்கு ஒரே நாளில் விழுந்தது என்ற இரண்டு கருத்துகள் போதும்.

நம் பாடநூல்களில் ஆண்டுகள் நிறைய வருகின்றன. மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஆண்டு எப்படிக் கிடைத்தது என்று ஒரு மாணவி கேட்டால் அன்றைய பாடம் முடியாமல் போகலாம். பரவாயில்லை. நான் இப்போதும் டோபா கதையைச் சொல்கிறேன். முன்பு "சில ஆயிரம் பேர் மட்டும் பிழைத்தார்கள்" என்று முடிப்பேன். இப்போது, "அப்படித்தான் நினைத்தார்கள், பிறகு மணலைச் சலித்துப் பார்த்தார்கள்" என்று தொடங்குகிறேன்.